ஈரோட்டு முன்னுரையும் பொதுவுடைமைக் கட்சியின் அமைப்பும் – ஒரு திறனாய்வு

நம் இறையியல் கல்லூரிகளில் பொதுவுடைமை இயக்கத்தைப் பற்றிய கட்டுரைகள் ஆண்டுதோறும் எழுதப்பட்டு வருகின்றன. அவற்றுள் பலவற்றைத் திருத்தும் பொறுப்பு நமக்கும் வாய்த்திருக்கிறது. ஏறத்தாழ எல்லாக் கட்டுரைகளும் ஒரே வாசலில் வந்து நின்றுவிடுகின்றன. மதத்தைப் பற்றி மார்க்ஸ் சொன்னது என்ன, அதற்குத் திருச்சபை தரவேண்டிய மறுமொழி என்ன என்பதோடு மாணவர் எழுதுகோலை வைத்துவிடுகிறார். கடவுள் மறுப்பு நமக்குப் பெரிய வினா என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்த ஈரோட்டிலும் கோவையிலும் திருப்பூரிலும் ஆலைத் தொழிலாளரும் தறித் தொழிலாளரும் செங்கொடியின் கீழ்ப் போய் நின்றது, கடவுள் இல்லையென்று யாரோ நிறுவிக் காட்டியதால் அன்று. அவர்களை ஓர் அமைப்பு அழைத்தது, பெயரைப் பதிந்துகொண்டது, கூட்டத்தில் உட்காரவைத்தது. அந்த அமைப்பைப் பற்றி நம் கட்டுரைகளில் ஒரு பக்கமும் இருப்பதில்லை. ஆகவே, கட்சியின் தத்துவத்தை விடுத்து அதன் அமைப்பை மட்டும் இங்கே நோக்க விழைகிறோம். நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். தொடக்கமும் உண்மையில் இங்கேதான் இருக்கிறது.

மார்க்சும் எங்கெல்சும் 1848-ல் வெளியிட்ட கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை தமிழில் முதன்முதலாக அச்சேறியது ஈரோட்டில். பெரியார் ஈ.வெ.ராமசாமி நடத்திய 'குடிஅரசு' இதழ் 1931 அக்டோபரில் அதனைச் 'சமதர்ம அறிக்கை' என்னும் பெயரில் தொடராக வெளியிடத் தொடங்கிற்று. மொழிபெயர்ப்புக்கு முன்னால் பெரியார் ஒரு முன்னுரை எழுதினார். அறிக்கையைவிட நாம் ஊன்றிப் படிக்கவேண்டியது அந்த முன்னுரையே என்பது நம் துணிபு. சமதர்ம உணர்ச்சி பிற நாடுகளைப்போல இந்தியாவில் ஏன் வேர்கொள்ளவில்லை என்று அதில் அவர் கேட்கிறார். மற்ற நாடுகளில் முதலாளி, தொழிலாளி என்னும் வேறுபாடு முதலிடம் பெற்றிருக்கிறது. இந்நாட்டிலோ மேல்சாதி, கீழ்சாதி என்னும் வேறுபாடு முதன்மையாய் நின்று, பணக்காரன், ஏழை என்னும் வேறுபாட்டை மறைத்துக் காக்கும் கோட்டையாகிவிட்டது என்பது அவர் தரும் விடையின் சாரம். ஐரோப்பிய நூலொன்றைத் தமிழனின் கையில் கொடுக்கும்போதே, இந்த நாட்டுக்கு இந்நூல் தன்னளவில் போதாது என்று வாயிலிலேயே எழுதிவைத்த பதிப்பாசிரியர் அவர்.

அதன்பின் நடந்தது பலரும் அறிந்ததே. 1931 டிசம்பரில் மேனாட்டுப் பயணம் புறப்பட்ட பெரியார் 1932-ல் சோவியத் ஒன்றியத்தில் சில திங்கள் தங்கி, அவ்வாண்டு நவம்பரில் திரும்பினார். டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில் ஈரோட்டில் சுயமரியாதை இயக்கத் தொண்டர்கள் கூடினர். சென்னையிலிருந்து ம.சிங்காரவேலர் வந்திருந்தார். அப்போது அவருக்கு அகவை எழுபத்திரண்டு. 1923 மே முதல் நாளில் சென்னைக் கடற்கரையில் மேதினம் கொண்டாடியவரும், 1925 டிசம்பரில் கான்பூரில் நடந்த முதல் இந்தியப் பொதுவுடைமை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அவர் வரைந்த வேலைத் திட்டம் 'ஈரோட்டுத் திட்டம்' என்று பெயர் பெற்றது. இரயில்வே, வங்கி, கப்பல் போக்குவரத்து ஆகியவற்றைப் பொதுவுடைமையாக்குதல், நிலங்களையும் காடுகளையும் இழப்பீடின்றிப் பொதுவாக்குதல், குடியானவர், தொழிலாளர் கடன்களை நீக்குதல், நாள் ஒன்றுக்கு ஏழு மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்காமை ஆகியவை அதிலுள்ள கோரிக்கைகளுட் சில.

இத்திட்டத்தின் உட்பொருளைக் காட்டிலும் அதன் வடிவமே நம் கருத்துக்குரியது. சாதியையும் மூடப் பழக்கத்தையும் எதிர்க்கும் சமுதாயப் பிரிவு ஒன்று, தேர்தலிலும் ஆட்சியிலும் ஈடுபடும் சமதர்மக் கட்சி மற்றொன்று என இரு கைகளாக அவ்வமைப்பு திட்டமிடப்பட்டது. முன்னுரையும் நூலும் ஒரே உடம்பின் இரு கைகளாக இயங்கவேண்டும் என்பதே அதன் நோக்கம் எனலாம்.

அந்த உடம்பு இரண்டாண்டுகூட நிலைக்கவில்லை. 'குடிஅரசு' தலையங்கம் ஒன்றுக்காக 1933 டிசம்பரில் பெரியாரும், பதிப்பாளராயிருந்த அவருடைய தங்கை கண்ணம்மாளும் கைது செய்யப்பட்டனர். அடுத்த மாதம் பெரியாருக்கு ஒன்பது மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1934-ல் பொதுவுடைமைக் கட்சியை அரசு தடை செய்தது. பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையைத் தமிழாக்கியதற்காக ப.ஜீவானந்தமும், அதனை வெளியிட்டதற்காகப் பெரியாரின் அண்ணன் ஈ.வெ.கிருஷ்ணசாமியும் 1935-ல் வழக்குக்கு ஆளாயினர். அடக்குமுறை இயக்கத்தையே அழித்துவிடும் என்று கருதிய பெரியார், சமதர்மப் பிரசாரத்தை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தார். ஜீவாவும் தோழர்களும் பிரிந்து சென்று காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சி வழியாகப் பொதுவுடைமைக் கட்சிக்குள் நுழைந்தனர். எஸ்.வி.காட்டே, பி.சுந்தரய்யா ஆகியோரின் துணையோடு சென்னையில் இரகசியக் கிளை உருவாயிற்று; ஜீவா, பி.ராமமூர்த்தி, பி.சீனிவாசராவ் முதலியோர் அதன் தொடக்கத் தோழர்கள். நூல் கட்சியின் கைக்குப் போயிற்று. முன்னுரை ஈரோட்டிலேயே தங்கிவிட்டது. இருவர் பக்கமும் நியாயம் இருக்கலாம். இழப்பும் இரு பக்கத்துக்கும் உரியதே.

இனிக் கட்சியின் அமைப்பைக் காண்போம். அதன் இலக்கணம் லெனின் வகுத்த 'ஜனநாயக மத்தியத்துவம்'. உறுப்பினர் அமைப்புக்குக் கட்டுப்பட்டவர். சிறுபான்மை பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டது. கீழ்க்குழு மேல்குழுவுக்கும், அனைத்துக் குழுக்களும் மத்தியக் குழுவுக்கும் கட்டுப்பட்டவை. முடிவெடுக்கும்வரை விவாதம், எடுத்தபின் ஒரே குரல் என்பது விதி. விண்ணப்பித்த அன்றே யாரும் உறுப்பினராகிவிட முடியாது. முதலில் பரீட்சார்த்த உறுப்பினராக இருந்து, வகுப்புகளில் பயின்று, ஏதேனும் ஒரு வெகுஜன அமைப்பில் உழைத்துக் காட்டவேண்டும். வருமானத்துக்கேற்ற விகிதத்தில் 'லெவி' செலுத்தவேண்டும். கிளைக்கூட்டத்தில் பிறரை விமர்சிப்பதும், தன்னையே விமர்சித்துக்கொள்வதும் கடமை. ஆதித் திருச்சபையின் ஞானஸ்நான ஆயத்தக்காரரையும், தசமபாகத்தையும், பாவ அறிக்கையையும் நினையாமல் இதனைப் படிக்க ஓர் ஆயரால் இயலுமோ? நம் சபைகளில் திடப்படுத்தல் வகுப்புகள் எத்தனை வாரம் நடக்கின்றன என்பதை இங்கே கேளாமல் விடுகிறோம்.

இவ்விரு அமைப்புகளும் எவ்வளவு ஒத்தவை என்பதற்கு எம்.எம்.தாமஸ் அவர்களின் வாழ்வே சான்று. 1940-களின் தொடக்கத்தில் அவர் மார்த்தோமா திருச்சபையில் குருப்பட்டத்துக்கும், அதே காலத்தில் பொதுவுடைமைக் கட்சியில் உறுப்பினர் ஆவதற்கும் விண்ணப்பித்தார். இரண்டும் மறுக்கப்பட்டன. அவருடைய அரசியல் திருச்சபைக்கு இடறலாயிற்று. அவருடைய விசுவாசம் கட்சிக்கு இடறலாயிற்று. உலகத் திருச்சபை மாமன்றத்தின் மத்தியக் குழுத் தலைவராகப் பின்னாளில் உயர்ந்த அம்மனிதரை, முழு மனிதனையும் தனக்கே கேட்கும் இரண்டு வீடுகள் ஒரே காரணத்துக்காக வெளியே நிறுத்தின.

கோவை வட்டாரத்தில் இந்த அமைப்பு என்ன செய்தது என்பதை நேர்மையோடு பதிவுசெய்தல் வேண்டும். பஞ்சாலைகளில் ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் மேஸ்திரியின் வாய்ச்சொல்லாக இருந்த காலத்தில் சங்கம் எழுந்தது. இரங்கவிலாஸ் ஆலையில் தொழிற்சங்கத்தாருக்கு எதிராக ஏவப்பட்ட அடியாள் ஒருவன் கொல்லப்பட்ட வழக்கில் இராமையன், வெங்கடாசலம், சின்னையன், இரங்கண்ணன் என்னும் நான்கு தொழிலாளருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் நால்வரும் தூக்கிலிடப்பட்டனர். கொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் சின்னியம்பாளையத்தில் அந்நால்வருக்கும் பொதுவாக அமைந்த நினைவிடத்துக்கு ஆண்டுதோறும் அந்த நாளில் மக்கள் வருகிறார்கள். சாவில் அவர்களைச் சாதி பார்த்துப் பிரித்துவைக்க எவரும் எண்ணவில்லை. இதை எழுதும்போது, இரண்டு வாசல்களைக் கொண்ட நம் கல்லறைத் தோட்டங்கள் சில நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன.

தஞ்சை மாவட்டத்திலும் இவ்வாறே. சாணிப்பாலும் சவுக்கடியும் பண்ணையாளுக்குத் தண்டனையாயிருந்த வயல்களில் சீனிவாசராவ் சங்கம் கட்டினார். அவ்வாட்களுள் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டோர். நடைமுறையில் கட்சி சாதியோடுதான் போரிட்டது. ஆயினும் அதன் அறிக்கைகளிலும் தீர்மானங்களிலும் அப்போர் கூலிப் போராகவும் நிலப் போராகவுமே பெயர் பெற்றது. 1968 டிசம்பர் 25 இரவு, நம் ஆலயங்களில் கிறிஸ்து பிறப்பின் ஆராதனை முடிந்து விளக்குகள் அணைந்திராத வேளையில், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். அனைவரும் தாழ்த்தப்பட்ட குடும்பத்தார்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூடுதல் கூலி கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும் அவர்கள் செய்த குற்றம். கட்சி அவர்களை வர்க்கப் போரின் தியாகிகள் என்று போற்றியது; அது பொய்யன்று. ஆனால் அதே கூலியைக் கேட்ட உயர்சாதித் தொழிலாளியின் வீடு அவ்வாறு கொளுத்தப்பட்டிருக்குமா என்னும் வினா நெடுங்காலம் கட்சியின் மொழியில் இடம் பெறாமலே போயிற்று. ஈரோட்டு முன்னுரை கையிலிருந்திருந்தால் அவ்வினாவைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது.

ஏன் இடம் பெறவில்லை? நம் கருத்தில், இதற்கு விடை தத்துவத்தைவிட அமைப்பிலேயே மிகுதியாய் இருக்கிறது. மத்தியத்துவத்தில் ஆணை மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு வருகிறது. முணுமுணுப்பு கீழிருந்து மேலே ஏறும்போது ஒவ்வொரு படியிலும் மூச்சு வாங்குகிறது. சோவியத் நாட்டின்மீது ஜெர்மானியர் படையெடுத்தபின் போர் 'மக்கள் போர்' ஆயிற்று. 1942-ல் கட்சி சட்டப்படி இயங்கும் உரிமை பெற்றது. நாடே ஆகஸ்டுக் கிளர்ச்சியில் இருந்தபோது கட்சி ஒதுங்கி நின்றது. 1948-ல் கல்கத்தாவில் கூடிய இரண்டாம் மாநாடு பி.சி.ஜோஷியை நீக்கி, பி.டி.ரணதிவேயின் கிளர்ச்சிப் பாதையை ஏற்றது. ஜோஷி அடுத்த ஆண்டு கட்சியிலிருந்தே விலக்கப்பட்டு, பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்டார். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 பொதுவுடைமைக் கைதிகள் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டே கட்சி அப்பாதையைக் கைவிட்டுப் புதிய திட்டம் வகுத்துக்கொண்டு, தேர்தலுக்கு ஆயத்தமாயிற்று. சிறையில் சுட்டவர்களின் கொடுமை ஒருபுறம் இருக்க, மாண்டவர்களின் கருத்தை அந்தப் பாதை வகுக்கப்படுமுன் யார் கேட்டார்கள்?

கட்சி இதனை உணராமலில்லை. 1958-ல் அமிர்தசரசில் கூடிய தனி மாநாடு, தலைமறைவுக் காலத்து 'செல்' என்னும் உட்குழுவை மாற்றிக் கிளையை அடிப்படையாக்கியது. மேலே தேசியக் கவுன்சில் என்னும் விரிந்த அவையை ஏற்படுத்தியது. வாயில் அகன்றதென்னவோ உண்மை. எனினும் ஆறே ஆண்டில் வீடு இரண்டாயிற்று. 1964 ஏப்ரலில் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளியேறினர். அவ்வாண்டு இறுதியில் கல்கத்தாவில் மார்க்சிஸ்ட் கட்சி தன் மாநாட்டை நடத்தியது. ஜீவா அதற்கு முந்தைய ஆண்டு சனவரியிலேயே மறைந்துவிட்டார். கோவை நாடாளுமன்றத் தொகுதியை 1967-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் கே.ரமணியும், 1971-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே.பாலதண்டாயுதமும் வென்றனர். ஒரே ஆலை வாயிலில் இரண்டு செங்கொடிக் கம்பங்கள் எழுந்தன. மாஸ்கோவும் பீக்கிங்கும் முரண்பட்டதற்குப் பீளமேட்டுத் தொழிலாளி ஏன் இரு சங்கமாகப் பிரிய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, ஜெர்மனியிலும் ஜெனீவாவிலும் பிறந்த சச்சரவுகளுக்காகத் தமிழ்நாட்டுச் சிற்றூரில் மூன்று ஆலயங்கள் ஏன் என்று நாம் முதலில் விடை சொல்லியாக வேண்டும். கட்சி பிறந்த நாள் 1920 தாஷ்கண்டா, 1925 கான்பூரா என்று இரு கட்சிகளும் நடத்திவரும் வழக்கும், அப்போஸ்தல வழிமரபு பற்றிய நம் பழைய வழக்குகளை நினைவூட்டாமல் போகாது.

மத்தியத்துவம் தன் எல்லைவரை போனால் என்னவாகும் என்பதற்குக் கொரியா சான்று. கான்பூர் மாநாடு கூடிய அதே 1925-ல், ஏப்ரல் மாதம், ஜப்பானிய ஆட்சியின் கீழிருந்த சியோலில் கொரியப் பொதுவுடைமைக் கட்சி இரகசியமாய்த் தோன்றியது. காவல் துறை மீண்டும் மீண்டும் அதனை நொறுக்கியது; கோஷ்டிப் பூசலும் உடன் அரித்தது. 1928 டிசம்பரில் மூன்றாம் அகிலம், அறிவாளிகளின் குழுக்களை விட்டுத் தொழிலாளர், உழவரிடமிருந்து கட்சியைப் புதிதாய்க் கட்டுமாறு கட்டளையிட்டது. விடுதலைக்குப் பின் வடக்கிலும் தெற்கிலும் தனித்தனியே எழுந்த தொழிலாளர் கட்சிகள் 1949-ல் ஒன்றாயின. அதன் தலைவர் கிம் இல் சுங், பிரஸ்பிட்டேரியன் கிறிஸ்தவக் குடும்பத்துத் தாயின் மகன். 1907-ல் பேரெழுப்புதல் கண்ட பியோங்யாங் நகரே அவர்தம் தலைநகராயிற்று. அங்கே விமர்சனம், சுயவிமர்சனக் கூட்டங்கள் இன்றும் ஒழுங்காக நடைபெறுகின்றன. ஆனால் அவை கீழே இருப்பவர்களுக்கு மட்டுமே. உச்சியிலிருப்பவரை எவரும் விமர்சிப்பதில்லை. தலைமை தந்தையிடமிருந்து மகனுக்கும் பேரனுக்கும் இறங்கியிருக்கிறது. பாவ அறிக்கை கீழ்நோக்கி மட்டும் கேட்கப்படும் இடத்தில் அது காவல் துறையின் கருவியாகிவிடுகிறது. இந்தியக் கட்சிகளை இதனோடு ஒன்றாக்கிப் பேசுவது அநீதி. இவை தேர்தலில் தோற்றுப் பதவி இறங்கியவை. மக்களிடம் வாக்குக் கேட்டு நிற்பவை. ஆயினும் விதிநூலின் அந்த நான்கு கட்டுப்பாடுகளும் ஒரே குடும்பத்துச் சாயல் உடையவை என்பதை மறைக்கவேண்டுவதில்லை.

முணுமுணுப்பு ஏறிச்செல்ல எவ்வளவு காலம் பிடித்தது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 1964-ல் தோன்றிய மார்க்சிஸ்ட் கட்சியின் அரசியல் தலைமைக் குழுவில் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சார்ந்த ஒருவர் முதன்முதலாக இடம் பெற்றது 2022-ல், கண்ணூர் மாநாட்டில். அவர் வங்காளத்து இராமச்சந்திர டோம். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியில் நம் வேலூர்ப் பகுதியில் பிறந்த து.ராஜா 2019-ல் பொதுச் செயலாளரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் தலித் அவரே. செங்கொடியை அதிகம் சுமந்தவர் யார் என்பதையும், அதன் கீழ் எரிந்தவர் யார் என்பதையும் எண்ணிப் பார்த்தால் இது மிகத் தாமதம். மறுபுறத்தில், 2007-ல் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணியைத் தோற்றுவித்ததும், 2008 மே மாதத்தில் உத்தப்புரத்துச் சுவரில் வழி திறக்கப் போராடியதும் மார்க்சிஸ்ட் கட்சியினரே. எழுபத்தைந்து ஆண்டுக்குப்பின் அவர்கள் ஈரோட்டுக்கு வந்து முன்னுரையைப் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

அப்போஸ்தலர் நடபடிகளின் இரண்டாம், நான்காம் அதிகாரங்களைப் பொதுவுடைமைக்கு ஆதாரமாக நம் மாணவர் விரும்பி எடுத்தாளுவர். சகலமும் பொதுவாயிருந்தது, குறைவுள்ளவன் ஒருவனும் இல்லை. ஆனால் ஆறாம் அதிகாரத்தை எவரும் தொடர்ந்து படிப்பதில்லை. சகலமும் பொதுவாயிருந்த அதே சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப் போயினர், முறுமுறுப்பு எழுந்தது. உடைமை பொதுவானதனால் பிறப்பின் வேற்றுமை தானே அகன்றுவிடவில்லை. அப்போஸ்தலர் என்ன செய்தார்கள்? பொறுமையாயிருங்கள், முதலில் சகல உடைமைகளும் பொதுவாகட்டும் என்று போதிக்கவில்லை. முறுமுறுத்தவரை ஒழுங்கை மீறியவர் என்று விலக்கவும் இல்லை. அமைப்பையே மாற்றினார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். பந்தியில் விடுபட்டவர்களைச் சார்ந்தோர் கையிலேயே பந்தியின் பொறுப்பு கொடுக்கப்பட்டது. அந்த எழுவருள் ஒருவர் முதல் இரத்தசாட்சியானார். இன்னொருவர் சமாரியாவுக்குச் சுவிசேஷத்தைக் கொண்டுபோனார். இதனை விசுவாசத்தின் சிறு நிருவாகச் செய்தியாகக் கருதி நாம் கடந்துபோவது பெரும் பிழை. ஈரோட்டு முன்னுரை கேட்ட கேள்விக்கு எருசலேம் சபை கொடுத்த செயல்வடிவ விடை அது. பொதுவுடைமைக் கட்சியை எந்த அளவுகோலால் அளந்தோமோ, அதே அளவுகோல் இங்கே நம்மிடமும் இருக்கிறது.

அதை நம்மீதே வைத்துப் பார்ப்போம். இக்கொங்குப் பகுதியில் லண்டன் மிஷனின் காலந்தொட்டுச் சபையில் சேர்ந்தோருள் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட சமூகத்தவர். சேகரக் குழு, திருமண்டலப் பெருமன்றம், சினாட் என்று நமக்கும் கிளையும் மாவட்டமும் மத்தியும் உண்டு, வாக்கும் உண்டு, விதிநூலும் உண்டு. மேலே போகப் போக யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் பகுதியில் எண்ணிக்கொள்ளலாம்.

நாம் முன்னர் ஊழியம் செய்த ஒரு சேகரத்தில் விசைத்தறித் தொழிலாளி ஒருவர் இருந்தார். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. ஆனால் தொழிற்சங்கக் கிளைக்குச் செயலாளர். தறி உரிமையாளரோடு ஒப்பந்தம் பேசும்போது கணக்கையெல்லாம் மனத்திலிருந்தே சொல்வார் என்று பிறர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆலயத்தில் அவர் கடைசி வரிசையில் அமர்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் எழுந்து போய்விடுவார். ஒருமுறை வீடு சந்திக்கச் சென்றபோது, சங்கத்தில் இவ்வளவு பேசுகிறவர் சபைக் கூட்டத்தில் வாய் திறப்பதில்லையே என்று கேட்டோம். "அங்க என்னைய எந்திரிச்சு நின்னு பேசச் சொன்னாங்க, ஐயா. கோயில்ல இன்னும் உக்காரத்தானுங்க சொல்லியிருக்காங்க" என்றார். அவருடைய மனைவி நமக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். நாம் வேறு பேச்சுக்குத் திரும்பினோம். அன்று நமக்கு விடை ஒன்றும் தோன்றவில்லை.

அவ்வாண்டு தறிகள் நெடுநாள் நின்றிருந்தன. சங்கம் தன் உறுப்பினரின் சந்தாவை அந்நாள்களுக்குத் தள்ளிவிட்டது. சேகரத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எழுதப்பட்டபோது, சந்தாப் பாக்கியுள்ளோர் என்று நீக்கப்பட்ட பெயர்களுள் அவர் பெயரும் அவர் தெருவில் இருந்த பதினோரு குடும்பத்தாரின் பெயர்களும் இருந்தன. பட்டியலின் கீழ்க் கையொப்பமிட்டவர் நாமே. விதி அவ்வாறுதான் இருந்தது.